தண்ணீர் நிற்கும் இடம்

பழவந்தாங்கல் ரயில் நிலையத்தை விட்டு நங்கநல்லூர்ப் பக்கம் இறங்கினால் அன்று ஒரு டீக்கடை இருந்தது. 1987 தை மாதம். மனைவியையும் ஆறு மாதக் கைக்குழந்தையையும் ஊரில் விட்டுவிட்டு, வீடு தேடி அந்தக் கடை வாசலில் நின்றேன். கையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். வரி விளம்பரங்களில் பேனாவால் நாலைந்து வட்டம் போட்டிருந்தேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "அதுல தேடாதீங்க சார். அதோ, கணக்குப்பிள்ளை வர்றாரு பாருங்க" என்றார்.

கறுப்புக் குடை, மஞ்சள் பை, வெள்ளை வேட்டி. அறுபதை நெருங்கிய மனிதர். விசிட்டிங் கார்டு கிடையாது, பலகை கிடையாது. வீட்டில் போன் இல்லை. அவரைத் தேடுபவர்கள் காலை ஏழிலிருந்து எட்டரைக்குள் இந்தக் கடைக்கு வரவேண்டும். அவரிடம் கேட்பதற்காக ஒரு பட்டியலே மனத்தில் வைத்திருந்தேன். கேட்டது முழுக்க அவர்தான். சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு, எங்கே வேலை, சம்பளம் மாதக் கடைசியிலா ஒன்றாம் தேதியா, ஊரிலிருந்து யார் யார் வந்து தங்குவார்கள், எத்தனை வருஷம் இருக்க உத்தேசம். கால் மணி நேரம் பதில் சொன்னேன். வாடகை எவ்வளவு தர முடியும் என்பது கடைசிக் கேள்வி.

"அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. வீட்ட நீங்க பாக்கலாம். தண்ணிய அவங்கதான் பாக்கணும்."

அப்படியே செய்தோம். மூன்று வீடு காட்டினார். ஒவ்வொரு வீட்டிலும் கிணற்றில் ஒரு வாளி சேந்தி, சொம்பில் ஊற்றி என் மனைவியிடம் நீட்டினார். "குடிச்சுப் பாருங்கம்மா. இதுல பருப்பு வேகுமா?" முதல் வீட்டுத் தண்ணீரை வாயில் வைத்ததுமே அவள் தலையை ஆட்டிவிட்டாள். ஹாலின் நீள அகலம், ஜன்னல், காற்று எதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அதெல்லாம் எங்கள் கண்ணுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார். கண்ணுக்குத் தெரியாததை மட்டும் சொன்னார். இரண்டாவது வீட்டுக்காரருக்குத் தம்பியோடு பாகப் பிரச்சினை. மூன்றாவது வீட்டில் மாடியில் இருப்பவர் ராத்திரி ஷிப்ட், காலை பத்து மணி வரை குழந்தை அழுதால் சண்டை வரும். இரண்டாவதை எடுத்தோம். பாகப் பிரச்சினை தீர எட்டு வருஷமாவது ஆகும் என்றார். ஒன்பது ஆனது.

அவர் ஏன் கணக்குப்பிள்ளை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. அன்றைய சைதாப்பேட்டை தாலுகாவில், இப்போது நகரத்துக்குள் வந்துவிட்ட ஒரு கிராமத்துக்கு அவர் கர்ணம், அதாவது ஊரின் நிலக் கணக்கை வைத்திருப்பவர். அப்பா கர்ணம், தாத்தா கர்ணம். 1980 நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, பரம்பரையாக வந்த கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதிய கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். அது சரியான காரியம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஒரு ஊரின் நிலக் கணக்கு ஒரே குடும்பத்தின் கையில் தலைமுறை தலைமுறையாக இருப்பது அந்தக் குடும்பம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தகாது. ஆனால் ஐம்பது வயதில் வேலை போன அந்த மனிதரின் கையில் என்ன இருந்தது என்பதும் உண்மை. எந்தச் சர்வே நம்பர் நன்செய், எது புன்செய், எது மேய்க்கால் புறம்போக்கு, எது ஏரி உள்வாய், எந்த வாய்க்கால் எந்தத் தாங்கலில் போய் விழும் என்பதை அவர் காகிதம் இல்லாமல் சொல்வார். "நோட்டைத்தான் வாங்கிட்டாங்க சார். படிச்சத வாங்கிக்கல" என்றார் ஒருமுறை. சொல்லும்போது முகத்தில் கசப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நகரம் அப்போது அவருடைய கிராமங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. வயலாக அவர் அறிந்தவை மனையாக மாறின. அவர் இடம் மாறவே இல்லை. நிலம்தான் அவரைச் சுற்றி வேறாகிக்கொண்டே போனது.

வாடகைத் தரகு அந்தக் காலத்தில் ஏன் ஒரு குடும்ப விசாரணையைப் போல நடந்தது என்பதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. 1960-ஆம் ஆண்டின் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவருக்கு அரணாக நின்றது. ஒருவரைக் குடிவைத்துவிட்டால் எழுப்புவது கடினம். வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொன்னது. சென்னையில் வழக்கமோ பத்து மாத அட்வான்ஸ். கோர்ட்டில் கிடைக்காது என்று வீட்டுக்காரர் நினைத்த பாதுகாப்பை அந்தப் பத்து மாதப் பணத்தில் தேடினார், அதோடு தரகரின் வாக்கிலும் தேடினார். "கணக்குப்பிள்ளை சொன்ன ஆளு" என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த உத்தரவாதச் சீட்டு. நாங்கள் தகராறு செய்தால் வீட்டுக்காரர் எங்களிடம் வரமாட்டார், டீக்கடைக்குப் போவார்.

அவருடைய கூலியும் அதற்கேற்ற மாதிரி இருந்தது. ஒரு மாத வாடகைதான் தரகு. பால் காய்ச்சிய அன்று பாதி வாங்கிக்கொண்டார். மீதியை மூன்று மாதம் கழித்து வந்து வாங்கினார். வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் வருகிறதா, வீட்டுக்காரம்மா ஏதாவது முணுமுணுக்கிறாரா, கரண்டு பில் எப்படிக் கணக்குப் பண்ணுகிறார் என்று எல்லாம் விசாரித்தார். அப்புறம் வீட்டுக்காரர் பக்கம் போய் எங்களைப் பற்றி விசாரித்தார். இரண்டு பக்கமும் குறை இல்லை என்று தெரிந்த பிறகுதான் பணத்தைத் தொட்டார். இந்த வழக்கத்தை வேறு எந்தத் தரகரிடமும் நான் பார்க்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாமல் போனால் பொய் சொன்னவனாவேன்.

என் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி நண்பர் ஒரு முஸ்லிம். 1989-இல் அவருக்கும் வீடு வேண்டியிருந்தது. நானே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். பெயரைச் சொன்னதும் கணக்குப்பிள்ளை குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "பாக்கறேன் சார்" என்றார். அந்தக் கால் மணி நேரக் கேள்விகள் எதுவும் வரவில்லை. மூன்று வாரம் ஓடியது. ஒரு வீட்டுக்கு "ஆள் வந்துட்டாங்க", இன்னொன்றுக்கு "அவங்க பையனே வர்றானாம்". ஆள் வந்துவிட்டதாகச் சொன்ன வீட்டு வாசலில் டு-லெட் பலகை அதன் பிறகும் ஒரு மாதம் தொங்கியது. தினமும் அந்த வழியாகத்தான் ரயிலுக்குப் போவேன். நண்பர் திருவல்லிக்கேணியில் வீடு பார்த்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கணக்குப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த இரண்டாவது கேள்வி உறைத்தது. சொந்த ஊர் எது என்பதோடு அவர் நிறுத்தவில்லை. "அந்த ஊர்ல எந்தத் தெரு?" நம் ஊர்களில் தெருப் பெயர் சாதியைச் சொல்லிவிடும். நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன், எனக்கு வீடு கிடைத்தது. சொல்லத் தயங்க வேண்டியிருந்தவர்கள் எத்தனை பேர் அந்த டீக்கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருப்பார்கள் என்று அன்று கணக்கெடுக்க யாரும் இல்லை. அவர் கெட்டவர் இல்லை. வீட்டுக்காரர் மனத்தில் இருந்த சுவரை அவர் எழுப்பவில்லை. ஆனால் சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, ஆட்களை அதன் பக்கமே போகவிடாமல் திருப்பி அனுப்பினார். நிலத்தையும் மனிதர்களையும் மனப்பாடமாக அறிந்திருந்த அதே அறிவுதான் இதையும் செய்தது.

1994-இல் கையில் கொஞ்சம் சேமிப்பு. மடிப்பாக்கம் தாண்டி ஒரு புது மனைப்பிரிவு. வண்ணக் கொடிகள் நட்டு, வெள்ளையடித்த கற்கள் பதித்திருந்தார்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, நங்கநல்லூர் விலையில் பாதிக்குக் கிடைத்தது. பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது, பட்டா இருக்கிறது. கணக்குப்பிள்ளையிடம் முடித்துத் தரச் சொன்னேன். "ஐப்பசி பொறக்கட்டும். போய்ப் பாப்போம்" என்றார். எனக்குப் பொறுமையில்லை. மனைகள் தீர்ந்துவிடும் என்றேன். தீரட்டும் என்றார்.

ஐப்பசி மூன்றாம் வாரம், விட்டு விட்டு மழை பெய்த ஒரு நாள் காலையில் இரண்டு குடையோடு போனோம். கொடிகள் நனைந்து கம்பத்தில் சுற்றிக் கிடந்தன. நட்ட கற்களில் பாதி கண்ணில் படவில்லை. தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த புல்லைக் குடை நுனியால் காட்டினார். "இது கோரை. இது ஒரு மழைக்கு மொளைக்கிற புல் இல்ல சார்." பிறகு தூரத்தில் ஒரு மேட்டைக் காட்டி, அதுதான் கரை என்றார். அதன் ஒரு முனையில் இடிந்த கற்களைக் காட்டி, அது கலங்கல் என்றார். ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் வாய். "கலங்கலுக்குக் கீழ நிக்கறோம். மேல எந்த ஏரி நெறைஞ்சாலும் இங்கதான் வரும். இங்கேருந்து பள்ளிக்கரணைக்குப் போகும். போற வழியிலதான் கல்லு நட்டிருக்காங்க."

"பட்டா இருக்கேய்யா?"

"இருக்கு. செல்லும். வீடும் கட்டலாம். நீங்க இருக்கணுமில்ல?"

அந்த மனையை நான் வாங்கவில்லை. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய தரகு கிடைக்கவில்லை. மனை போட்டவர்கள் வழக்கத்தைவிட அதிகம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள் என்பது பிறகு டீக்கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். மூன்று வருஷம் கழித்து நங்கநல்லூரிலேயே சின்னதாக ஒரு ஃபிளாட் வாங்கினேன். பத்திரப்பதிவு அன்று அவர் வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். 2003-இல் காலமானார்.

அவருடைய கடைசி வருஷங்களிலிருந்தே சென்னை எங்கள் கண்ணெதிரே புரண்டுகொண்டிருந்தது. 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. 2007-இல் பறக்கும் ரயில் வேளச்சேரிக்கு வந்தது. மடிப்பாக்கம், நங்கநல்லூர் எல்லாம் 2011-இல் மாநகராட்சிக்குள் வந்தன. வீட்டுக்காரர்களும் குடிவருபவர்களும் தரகர் இல்லாமலே ஒருவரையொருவர் கண்டுகொள்ள இணையத்தில் விளம்பரத் தளங்கள் வந்தன. 2014-இல் தரகரே வேண்டாம் என்பதையே பெயராகக் கொண்ட நோபுரோக்கரும் வந்தது. அதே நேரம் தெருவுக்கு நாலு தரகர்கள் முளைத்தார்கள். எல்லோரிடமும் பைக் இருந்தது. பலருக்கு அந்தத் தெரு முந்தின வருஷம் வரை தெரியாது. ஒரே வீட்டை மூன்று பேர் காட்டி மூன்று பேரும் தரகு கேட்ட சண்டைகளை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டத்துத் தரகர்களிடம் எனக்குப் பெரிய மரியாதை வரவில்லை. அவர்களில் ஒருவர் என் மைத்துனருக்கு விற்றுக் கொடுத்த ஃபிளாட்டில், பத்திரத்தில் எழுதிய பரப்புக்கும் உள்ளே கால் வைக்கும் பரப்புக்கும் இருந்த வித்தியாசம் ஒரு படுக்கையறை அளவு. படிக்கட்டும் லிஃப்டும் மொட்டை மாடியும் 'சூப்பர் பில்ட்அப்' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தன.

பிறகு அடிமேல் அடி. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி, ஊரே வெள்ளம். 1994-இல் நான் குடையோடு நின்ற பகுதியில் கட்டியிருந்த வீடுகளிலிருந்து ஆட்களைப் படகில் கொண்டுவந்தார்கள். 2016 செப்டம்பரில், அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பஞ்சாயத்து அப்ரூவலை நம்பிக் காசு போட்டவர்கள் பத்திர அலுவலக வாசலில் திகைத்து நின்றார்கள். அடுத்த வருஷம் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்து அவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் முழுதாக அமலுக்கு வந்ததும் 2017-இல்தான். ரெரா என்ற சொல் எங்கள் டீக்கடைப் பேச்சில் நுழைந்தது அப்போதுதான்.

அந்தச் சட்டம் தரகரை ஒரு தொழில்காரராகப் பார்த்தது. பதிவு செய்த திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தரும் முகவர் தானும் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாத திட்டத்தை விற்க உதவக்கூடாது. கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். வாங்குபவர் பார்க்க உரிமையுள்ள எல்லா ஆவணங்களும் முன்பதிவின்போதே அவர் கைக்குப் போகச் செய்ய வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது சொத்து மதிப்பில் 5 விழுக்காடு வரை போகலாம். ஆனால் வாடகைக்கு வீடு பிடித்துத் தருபவர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். அதாவது டீக்கடைக் கணக்குப்பிள்ளைகள் இன்னமும் சட்டத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

என் மகளும் மருமகனும் பெங்களூரிலிருந்து சென்னைக்கே திரும்புவதென்று 2024-இல் முடிவு செய்தார்கள். முதலில் வாடகைக்கு, பிறகு வாங்குவது. மகள் ஓர் எண் அனுப்பி, "அப்பா, இவங்ககிட்ட பேசுங்க. நல்லாப் பாத்துக் குடுக்கறாங்களாம்" என்றாள்.

பேசினேன். மூன்று நிமிஷம். பட்ஜெட் எவ்வளவு, எத்தனை பெட்ரூம், எப்போது குடிவர வேண்டும், வாங்குவதாக இருந்தால் கடன் தகுதி பார்த்தாகிவிட்டதா. ஊர் எது என்று கேட்கவில்லை. தெரு எது என்று கேட்கவில்லை. போனை வைத்த பிறகு எனக்குள் ஒரு நிம்மதியும், அதோடு, ஏனென்று சொல்லத் தெரியாத ஒரு வெறுமையும் இருந்தது. இரண்டுமே உண்மை என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு, நாற்பது வயதுப் பெண். ஸ்கூட்டரில் வந்தார். பி.காம். படித்துவிட்டு ஒரு தனியார் வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் ஒன்பது வருஷம் வேலை. கடன் கேட்டு வரும் ஃபைல்களை வழக்கறிஞருக்கு அனுப்பி, அவர் கருத்துரை வந்ததும் அதைப் படித்து, எது தேறும் எது தேறாது என்று பிரிப்பது அவர் வேலை. "தேறாத ஃபைல்தான் சார் எனக்குப் பாடம். தாய்ப் பத்திரம் இருக்காது. வாரிசுல ஒரு பொண்ணோட கையெழுத்து விட்டுப்போயிருக்கும். பவர் குடுத்தவர் செத்துப்போயி ரெண்டு வருஷம் கழிச்சு பவர் ஏஜென்ட் வித்திருப்பாரு. பாவம், அட்வான்ஸ் குடுத்துட்டு வந்து நிப்பாங்க." கொரோனா வந்த வருஷம் வேலை போனது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்த மக்களைப் பிடித்தால் என்ன என்று தோன்றியதாம். முகவராகப் பதிவு செய்துகொண்டார். கார்டின் கீழே அந்தப் பதிவு எண் இருக்கிறது.

கணக்குப்பிள்ளைக்குக் கர்ணம் வேலை எப்படியோ, இவருக்கு அந்த ஒன்பது வருஷம். இருவருமே வேறொரு மேசையில் கற்றதைக் கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். வேறு மேசை எதுவும் இல்லாமல் நேராகத் தரகுக்கு வந்தவர்களைத்தான் நடுவில் பார்த்தோம்.

இந்தப் பெண் எங்களை நடத்திய விதத்தில் எனக்கு முதலில் பிடிபடாதது ஒன்று உண்டு. ஒரு வீடு பிடித்திருக்கிறது என்று மகள் சொன்னால் உடனே, "ரெண்டு நாள் கழிச்சு சொல்லுங்க" என்பார். காரணம் கேட்டேன். "எல்லாரும் போட்டோ பாத்து, வீடியோ பாத்து, முடிவு பண்ணிட்டுத்தான் சார் வர்றாங்க. வீடு காட்டறதுக்கு நான் எதுக்கு? அந்த முடிவக் கொஞ்சம் தள்ளிப்போட வெக்கறதுதான் என் வேலை." அந்த இரண்டு நாளில் அவர் வில்லங்கச் சான்று பார்ப்பார். முன்பு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, யாரோ ஒருவர் பெரிய பெரிய புத்தகங்களைப் புரட்டி, கையால் எழுதித் தர நாள்கணக்கில் ஆகும். இன்று பதிவுத்துறையின் இணையதளத்தில், வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபடியே, போனில் பார்க்கிறார். வாடகை வீட்டுக்கும் பார்க்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். வீடு ஏலத்துக்குப் போகும் நிலையில் இருந்தால் குடியிருப்பவர் அட்வான்ஸுக்கு அலைய வேண்டும் என்கிறார்.

அட்வான்ஸ் விஷயமும் மாறியிருக்கிறது. 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய மூன்று மாதத்துக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது அது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. என் மகளின் ஒப்பந்தத்தை இவர் வரி வரியாகப் படித்துக் காட்டினார். பெயிண்ட் செலவு யாருக்கு, மோட்டார் கெட்டால் யாருக்கு, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ். கணக்குப்பிள்ளை தன் வாக்கால் கட்டிவைத்திருந்தது இங்கே பதினோரு பக்கத்தில் எழுத்தாக இருந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்துத் திண்ணைக்கு வர இவருக்கு நேரமில்லை. "எல்லாம் ஓகேவா" என்று ஒரு செய்தி வந்தது. மகள் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாள்.

என் பழைய நண்பரின் மகனுக்கும் அதே சமயத்தில் வீடு தேவைப்பட்டது. திருவல்லிக்கேணியில் வளர்ந்த பையன், கிண்டியில் வேலை. நங்கநல்லூர்தான் வசதி என்றான். இவரிடம் அனுப்பினேன். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் செய்யாததைச் செய்யும் ஆசை எனக்கு இருந்தது. மறுநாள் இவரே என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஓனருங்ககிட்ட நான் முன்னாடியே பேரச் சொல்லிக் கேட்டுடுவேன். கூட்டிட்டுப் போயி வாசல்ல நிக்க வெக்க மாட்டேன். ஏழு பேர்கிட்ட கேட்டாச்சு. அஞ்சு பேரு வேணாம்னுட்டாங்க."

"என்ன காரணம் சொன்னாங்க?"

"வெஜிடேரியன் மட்டும்னு ரெண்டு பேரு. மீதி மூணு பேரு காரணமே சொல்லல."

அன்று மூன்று வாரம் இழுத்தடித்த பொய். இன்று ஒரே நாளில் தெரிந்துவிடும் உண்மை. வாசலில் நிற்கவைக்காதது மரியாதைதான். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் ஏழில் ஐந்து. அந்த எண்ணைக் கேட்டபோது, ரயிலுக்குப் போகும் வழியில் தொங்கிய அந்தப் பலகை என் கண்முன் வந்தது. மிச்ச இரண்டில் ஒரு வீட்டுக்கார அம்மாள், "பையன் வந்து பேசட்டும்" என்றாராம். போனான். காபி கொடுத்தார்களாம். சாவி கிடைத்தது. அவன் அப்பாவிடம் போனில் பேசினேன். வீடு நல்லா இருக்கா என்று கேட்டார். இருக்கு என்றேன். வேறு எதுவும் அவர் பேசவில்லை.

மகளுக்குச் சொந்தமாக வாங்கப் பார்த்தபோதுதான் எனக்கும் இவருக்கும் நடுவே கணக்குப்பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தது. மடிப்பாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட். ரெரா எண் இருக்கிறது, வங்கி கடன் தரும். பக்கத்திலேயே மெட்ரோ வேலை நடக்கிறது. மருமகனுக்குப் பிடித்துவிட்டது. இவர் வழக்கம்போல இரண்டு நாள் கேட்டார். என் எதிரில் உட்கார்ந்து போனில் வருவாய்த்துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து, சர்வே நம்பரைப் போட்டு, ஒரு அட்டவணையைக் காட்டினார். "இது 'அ' பதிவேடு சார். எந்த நிலம் என்ன வகைன்னு இதுல இருக்கும்."

"இது கர்ணம் கணக்கும்மா" என்றேன்.

அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. சொன்னேன். டீக்கடை, குடை, கோரைப்புல், கலங்கல் எல்லாம் சொன்னேன். இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கணக்கு இன்று எவர் கையிலும் திறக்கும் என்பதை நான் வியந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அந்தக் கலங்கல் எங்க இருந்துச்சு சார்?"

"இப்ப எப்படிச் சொல்றது? முப்பது வருஷமாச்சு."

"இந்தப் பதிவேட்டுல மனைன்னுதான் இருக்கு. வகை மாத்தியாச்சு. வில்லங்கத்துல ஒண்ணும் இல்ல. பேப்பர்ல எல்லாம் சரியா இருக்கு. பேங்க் கண்ண மூடிட்டுக் குடுக்கும். ஆனா தண்ணி எந்தப் பக்கம் போச்சுன்னு எந்தப் பேப்பர்லயும் இல்லையே. வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். நான்கு தெரு சுற்றினோம். கரை இருந்த இடத்தில் சாலை. மேடு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு தெரு முனையில் வண்டி லேசாக இறங்கியதை உடம்பு உணர்ந்தது. நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்று பார்த்தேன். எதிரே நாலு மாடிக் குடியிருப்பு, கீழே கார் நிறுத்தும் இடம். இடிந்த கற்கள் எதுவும் இல்லை. இதுவாக இருக்கலாம் என்றேன். இல்லாமலும் இருக்கலாம்.

காவலாளி எழுந்து வந்தார். அந்தக் குடியிருப்பின் தூணில் நீலப் பெயிண்டில் இரண்டு கோடுகள் இழுத்து, மேலே 2015, கீழே 2023 என்று எழுதியிருந்தார்கள். மேல் கோடு என் நெஞ்சுக்கு வந்தது. மிக்ஜாம் புயல் வந்த டிசம்பரில் கீழ்க் கோடு வரைக்கும் நின்றதாகச் சொன்னார். இவர் போனை எடுத்துத் தூணைப் படம் பிடித்தார். பிறகு எனக்குத் திரையைக் காட்டினார். தெருத் தெருவாகப் பெயர் போட்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் சேர்த்து வைத்திருந்தார். சுவரில் படிந்த சேற்றுக் கோடு, படிக்கட்டில் நின்ற தண்ணீர், மிதக்கும் பைக். வாடிக்கையாளர்கள் அனுப்பியவை, அவரே மழையில் போய் எடுத்தவை. வரைபடத்தில் நாங்கள் நின்ற இடத்தைத் தொட்டு, ஒரு குறி வைத்து, தமிழில் 'கலங்கல்' என்று தட்டினார்.

"அந்த ஃபிளாட் இங்கேருந்து முன்னூறு மீட்டர் சார். வேணாம்னு உங்க மாப்பிள்ளைகிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். அவர் அதற்குள் காவலாளி பக்கம் திரும்பியிருந்தார்.

"அண்ணே, அன்னிக்குத் தண்ணி மொதல்ல எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு?"